மலையில் காற்று நம்மைச் சேர்த்து வைக்காது

கடலூர்–சிதம்பரம் சாலையில் ஞாயிறுதோறும் விடியுமுன் சைக்கிள் மிதிக்கும் நண்பர்களுக்கு,

கொல்லிமலைப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலைப் பார்த்தேன். 21 பேர். காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, அன்றைக்கே இறங்கி, இரவுக்குள் வீடு திரும்புவது என்று திட்டம். யார் எத்தனை நிமிடத்தில் மேலே போகிறார் என்று ஸ்ட்ராவா செயலியில் பார்த்து வரிசைப்படுத்தலாம் என்றும் பேச்சு. போக வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் சென்ற மாசியில் கல்வராயன் மலையில் நடந்ததை நாம் இதுவரை ஒருமுறைகூடச் சேர்ந்து உட்கார்ந்து பேசவில்லை. இரண்டு பேர் மூன்று பேராக, பெட்ரோல் பங்க் ஓரத்திலும் டீக்கடையிலும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டதோடு சரி. அதைப் பேசி முடிக்காமல் இன்னொரு மலைக்கு வண்டி ஏறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாம் சமவெளிக்காரர்கள். ஆலப்பாக்கம், பெரியப்பட்டு, புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று வரிசையாக வரும் ஊர்களில் எங்கேயும் மூச்சு வாங்க வைக்கும் மேடு கிடையாது. ஏற்றம் பழக வேண்டுமென்றால் வெள்ளாற்றுப் பாலம், இல்லாவிட்டால் ரயில்வே மேம்பாலம். கடலூர்க்காரர்களுக்குக் கூடுதலாகக் கேப்பர் மலை உண்டு. பெயரில்தான் மலை. மத்திய சிறை இருக்கும் அந்தச் செம்மண் மேட்டை நாம் பத்துத் தடவை ஏறி இறங்கிவிட்டு மலைக்குத் தயாராகிவிட்டோம் என்று நம்பினோம்.

நமக்கு உண்மையான மலை காற்றுதான். எதிர்க்காற்று எழுந்துவிட்டால், சிதம்பரத்திலிருந்து திரும்பும் 40-க்கு மேற்பட்ட கிலோமீட்டரும் ஒரு சுவரைத் தள்ளிக்கொண்டு வருவது போலத்தான். அந்தச் சாலையில்தான் நாம் ஒரு குழுவானோம். ஒருவர் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வார். மற்றவர்கள் அவர் பின்சக்கரத்தை ஒரு முழ இடைவெளியில் ஒட்டி வருவோம். அப்படி ஒட்டி வருகிறவருக்கு உழைப்பில் கால்வாசிக்குக் குறையாமல் மிச்சமாகும். முன்னால் இருப்பவர் களைத்ததும் முழங்கையை ஆட்டிவிட்டு ஒதுங்குவார், அடுத்தவர் வந்து நிற்பார். யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போக முடியாது, போனால் போகிறவருக்குத்தான் நட்டம். இதைத்தான் நாம் ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மலையில் இந்தக் கணக்கு செல்லாது. காற்றோடு போராடச் செலவாகும் சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறி இறங்கும். சமவெளியில் 27 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் மலையில் 9 கிலோமீட்டருக்கு வந்துவிட்டால், காற்றுக்குக் கொடுக்க வேண்டியது முன்பு கொடுத்ததில் 27-ல் ஒரு பங்கு மட்டும். மிச்ச உழைப்பெல்லாம் நம் உடம்பையும் சைக்கிளையும் பூமியின் இழுப்புக்கு எதிராக மேலே தூக்குவதற்கே போகிறது. ஒருவர் சுமையை இன்னொருவர் குறைக்க அங்கே வழியில்லை. அடுத்தவர் சக்கரத்தை ஒட்டிப் போவதால் சொல்லும்படி எந்த லாபமும் இல்லை. மெதுவாகப் போகிறவரோடு சேர்ந்து போவதால் வேகமாகப் போகிறவருக்கு எரிச்சல்தான் வரும். முதல் வளைவிலேயே கூட்டம் நூல் பிரிந்தது போலப் பிரிந்துவிடும். நம்மைக் குழுவாக்கி வைத்திருந்தது காற்று. அது இல்லாத இடத்தில் நாமாக முடிவெடுத்தால்தான் குழு. கல்வராயனில் நாம் அந்த முடிவை எடுக்கவில்லை.

புதிதாகச் சேர்ந்த தம்பிகளுக்கு நடந்தது முழுதாகத் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

கல்வராயனைத் தேர்ந்தெடுத்ததற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. நான் ஓ.டி. என்று நாம் சொல்லும் கடலூர் முதுநகரில் பிறந்தவன். சிறுவயதில் எங்கள் வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதங்களில் ‘தென்னாற்காடு மாவட்டம்’ என்று இருக்கும். அந்த மாவட்டத்தின் மேற்கு எல்லையில் இருந்த மலை அது. 1993-இல் மாவட்டம் இரண்டாகப் பிரியும் வரை அந்த மலையின் இந்தப் பக்கத்துக்குத் தலைநகர் கடலூர்தான். பிறகு அது விழுப்புரத்தோடு போனது, 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதோடு சேர்ந்தது. மாவட்டம் பிரிந்தாலும் தண்ணீர் பிரியவில்லை. கல்வராயனில் பிறக்கும் கோமுகி ஆறு மணிமுக்தாற்றில் கலக்கிறது. மணிமுக்தாறு விருத்தாசலத்தைத் தொட்டுக்கொண்டு போய்க் கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலுக்குள் போகிறது. ஞாயிற்றுக்கிழமை நாம் பாலத்தில் ஏறிப் பழகுகிறோமே, அந்தப் பாலத்துக்குக் கீழே ஓடும் தண்ணீரில் ஒரு பங்கு அந்த மலையில் பெய்த மழை. நம் ஆறு பிறக்கும் இடத்துக்கு நம் காலால் மிதித்துப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நான்தான் இந்த யோசனையை முதலில் சொன்னவன். அதனால் இந்தக் கடிதத்தை எழுதும் கடமையும் எனக்கு இருக்கிறது.

இரண்டு குட்டி யானையில் சைக்கிள்களை அடுக்கிக் கட்டினோம். நடுநடுவே பழைய போர்வை, சாக்கு. 17 பேர். நள்ளிரவு தாண்டிக் கிளம்பி, விருத்தாசலத்தில் மணிமுக்தாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது இருட்டில் மணல் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. ஊரின் பழம்பெயர் திருமுதுகுன்றம். பெயரில் குன்றம் இருக்கிறது, கண்ணுக்கு எட்டும் தூரம்வரை குன்று இல்லை என்று யாரோ சொல்ல, இரவு முழுக்க அதையே பேசிக்கொண்டு வந்தோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கத்தில் இறங்கினோம். ஐந்தரை மணிக்கு முன்விளக்கு போட்டுக்கொண்டு மிதிக்கத் தொடங்கினோம்.

ஏற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் அது நினைவிருக்கும். காட்டின் ஈர வாசனை, வெளிச்சம் வருமுன்னரே கூவத் தொடங்கும் பறவைகள், பின்னால் திரும்பிப் பார்த்தால் பாயை விரித்தது போலச் சமவெளி. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பகுதியாகப் பிரித்துச் சொல்லும் மலை அது. பெரிய கல்வராயன் சராசரி 4000 அடி என்று படித்துவிட்டு வந்திருந்தோம். அந்தக் கணக்கு காலுக்குத் தெரியவில்லை. ஒரு வளைவு, அடுத்த வளைவு, அவ்வளவுதான் தெரிந்தது. முதல் ஆறு பேரில் ஒருவனாக நான் கரியாலூர் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி ஆகவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவன் இவ்வளவு சீக்கிரம் ஏறிவிட்டேனே என்று அந்த நேரத்தில் எனக்கு இருந்த பூரிப்பை மறைக்கமாட்டேன்.

அடுத்து நடந்ததைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். நாங்கள் டீ குடித்தோம், பன் தின்றோம், படம் எடுத்தோம், காலை நீட்டி உட்கார்ந்தோம். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்கள் வந்தார்கள். கடைசி ஆளாக, நாம் அக்கா என்று கூப்பிடுபவர் வந்தபோது நாங்கள் வந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நமக்கெல்லாம் உடம்பு ஆறிக் குளிரத் தொடங்கிவிட்டது. அவர் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுத் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தார். ‘எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாமா?’ என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்.

அதிகம் ஓய்வு வேண்டியவருக்கு ஓய்வே கிடைக்கவில்லை. முன்னால் வந்த நமக்கு ஒரு மணி நேரம், கடைசியில் வந்தவருக்கு ஐந்து நிமிடம். அவர் ‘நான் ரெடி’ என்றுதான் சொன்னார். தன்னால் மற்றவர்களுக்குத் தாமதமாகக் கூடாது என்று நினைக்கிறவர் வேறு என்ன சொல்வார்? நாமும் அதை நம்பிக் கிளம்பினோம்.

இறக்கத்தில் என்ன நடக்கிறது என்பதை நான் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளும் சைக்கிளுமாக 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 600 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வந்தால், ஏறும்போது காலால் சேர்த்துவைத்த சக்தி முழுதும் வேறு எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். அதைச் சூடாக மாற்றினால் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். துணிந்து வேகமாக இறங்குகிறவருக்கு அதில் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்கிறது. பயந்து பயந்து பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குகிறவருக்கு அந்தச் சூடு கிட்டத்தட்ட மொத்தமும் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் போகிறது. நம்மில் பாதிப் பேர் சைக்கிளில் டிஸ்க் பிரேக் கிடையாது, ரிம்மை உரசி நிறுத்தும் பிரேக்தான். ரிம் சுட்டால் உள்ளே இருக்கும் காற்று விரிகிறது, டியூப் இளகுகிறது, ஒட்டுப் போட்ட இடம் விடுகிறது. பாதுகாப்பாக இறங்க வேண்டும் என்று நினைக்கிறவருக்குத்தான் இந்த ஆபத்து அதிகம் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

இதற்கு மருந்து சுலபம். சில வளைவுகளுக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி, ரிம் ஆறும்வரை ஐந்து நிமிடம் நின்றால் போதும். அக்காவுக்கு அது தெரியும். கையில் நடுக்கம் வந்தது, பிரேக் கட்டை தீய்ந்த நாற்றம் வந்தது, நிற்க வேண்டும் என்று தோன்றியது என்று பிறகு சொன்னார். ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன். ‘நின்னா நீங்க இன்னும் தூரம் போயிடுவீங்களே’ என்றார்.

இதற்கு மேல் எனக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. டியூப் வெடித்ததற்குக் காரணம் சூடு. சூடு ஏறியதற்குக் காரணம் நாம்.

ஒரு வளைவுக்குச் சற்று முன்னால் முன்சக்கர டியூப் வெடித்தது. அவர் சாலையோர மண்ணில் தோள் பட விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. போனில் சிக்னல் இல்லை. அப்போது நாம் கோமுகி அணையருகே மர நிழலில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாரும் தலையை எண்ணவில்லை. சைக்கிள்களைத் திரும்ப வண்டியில் அடுக்கும்போது, கயிறு கட்டிய தம்பி ‘ஒண்ணு குறையுதே’ என்றான். சைக்கிளை எண்ணித்தான் ஆளைக் காணவில்லை என்று நாம் கண்டுபிடித்தோம். இந்த வரியை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

நாம் வண்டியைத் திருப்பிக்கொண்டு மேலே போய்ச் சேர்வதற்குள் அவர் விழுந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அவர் தனியாக இல்லை. டிவிஎஸ் எக்ஸெல்லில் மூட்டையோடு கீழே இறங்கிக்கொண்டிருந்த மலைக்காரர்கள், கணவனும் மனைவியும், வண்டியை நிறுத்திவிட்டு அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். தோளில் கிடந்த துண்டால் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நிழலுக்கு நகர்த்தி, தண்ணீர் கொடுத்திருந்தார்கள். நாங்கள் இறங்கியதும் அந்த அம்மா கேட்டார்: ‘உங்க ஆளுங்க எல்லாம் சிரிச்சிக்கிட்டே எங்களத் தாண்டிப் போனாங்க. ஒருத்தருக்கும் பின்னாடி ஆள் வருதான்னு பாக்கணும்னு தோணலையா?’ நம் 16 பேரில் யாருக்கும் வாய் திறக்கவில்லை.

அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த மலையில் பெரும்பாலும் வாழ்கிறவர்கள் மலையாளி என்று சொல்லப்படும் பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுக்குள் வழங்கும் கதை. நாடு விடுதலையாகி முப்பது ஆண்டு நெருங்கும் வரை, 1976 வரை, அந்த மலை சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், அரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60-க்கு மேற்பட்டவர்கள் இறந்தபோது நாடே அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்ததும் அதற்குப் பிறகுதான். அந்த வழக்கில் பேசப்பட்டவற்றில் ஒன்று சாலை. நாம் வளைவு வளைவாக அனுபவித்து ஏறிய தார்ச்சாலை, அங்கே பல குக்கிராமங்களுக்கு இன்னும் போய்ச் சேராத வசதி. நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் கீழே கொண்டுவரும் பாதையில்தான் நாம் நேரம் பார்த்துக்கொண்டு பறந்தோம். அந்த இருவரையும் ‘தள்ளு தள்ளு’ என்று கத்திக்கொண்டு தாண்டியவர்களில் நம் ஆள் ஒருவன் இருந்தான் என்பதையும் அந்த அம்மா சொன்னார். யார் என்று நான் கேட்கவில்லை. அது நானாகக்கூட இருந்திருக்கலாம்.

அக்கா மூன்று மாதம் சைக்கிளைத் தொடவில்லை. கள்ளக்குறிச்சியில் முதல் கட்டுப் போட்டு, ஊருக்கு வந்து சிகிச்சை தொடர்ந்தது. பார்க்கப் போனபோதெல்லாம் யாரையும் குறை சொல்லவில்லை. அதைத்தான் நாம் சௌகரியமாக எடுத்துக்கொண்டுவிட்டோம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அவர் சொல்லாததால் நடந்தது இல்லையென்று ஆகிவிடாது.

கொல்லிமலைக்கு வருகிறேன். கோமுகிப் பக்கத்தை விடச் செங்குத்து, வளைவுகள் நெருக்கம். மேலே 1000 மீட்டரைத் தாண்டிய உயரம். அதே 75 கிலோவுக்கு இறக்கத்தில் இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு. வாகனம் ஓட்டுகிறவர்களுக்கே மலை இறக்கம் என்றால் தனிச் சட்டம் உண்டு. உதகையிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டிச் சாலையில் 36 வளைவுகள். அங்கே வெளியூர் வண்டிகளை ஏற விடுவார்கள், இறங்க விடமாட்டார்கள். பல விபத்துகளைப் பார்த்த பிறகு போட்ட கட்டுப்பாடு அது. 2008-லிருந்து நடக்கும் டூர் ஆஃப் நீலகிரிஸ் பயணத்தில் சைக்கிள்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கல்லட்டியும் ஏறும் கல்லட்டிதான். ஏற்றம் காலுக்கும் மூச்சுக்கும் வைக்கும் பரீட்சை. அதில் தோற்றால் இறங்கித் தள்ளலாம். இறக்கத்தில் தோற்றால் தள்ள எதுவும் இருக்காது.

தள்ளுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் குழுவில் காலை ஊன்றுவது கேவலம் என்று ஒரு எண்ணம் வளர்ந்திருக்கிறது. சின்ன கியருக்கு மாற்றினால் ‘பாட்டி கியர்’ என்று கிண்டல். 1910-இல் டூர் டி பிரான்ஸ் முதன்முதலாகப் பிரனீஸ் மலைத்தொடரின் உயரமான கணவாய்களுக்குள் போனது. 2115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயில் அன்று முதலில் வந்து, அந்த ஆண்டு பட்டத்தையும் வென்ற ஒக்டாவ் லாபிஸ், வழியில் பல இடங்களில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தவர். அந்தப் போட்டியை நடத்திய ஆன்ரி தெக்ரான்ஜ், கியர் மாற்றுவது பலவீனர்களின் வேலை என்று பிடிவாதமாக இருந்தார். 1937 வரைக்கும் டெரெய்லர் கியரை அங்கே அனுமதிக்கவில்லை. இன்று அதே மலைகளில் உலகத்தின் தலைசிறந்த வீரர்கள் சின்னச் சின்ன கியரில்தான் காலைச் சுழற்றுகிறார்கள். கிண்டல் செய்த காலம் முடிந்து எண்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நம்மில் அரசுப் பள்ளியில் கொடுத்த விலையில்லாச் சைக்கிளில் மிதிக்கப் பழகியவர்கள் எத்தனை பேர்! கியரே இல்லாத அந்தச் சைக்கிளில் மேம்பாலம் வந்தால் இறங்கித் தள்ளத்தானே செய்தோம்? அப்போது யாரும் நம்மைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஆகையால் எனக்கு வேண்டியது இதுதான். நேரக் கணக்கை ஏறுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டுமென்கிறவர்கள். இறக்கத்துக்கு வேண்டவே வேண்டாம். காரவள்ளியில் கிளம்பும்போது 21 என்று ஒருவர் உரக்கச் சொல்லட்டும். கொல்லிமலைச் சாலையில் வளைவுக்கு எண் போட்ட பலகை இருக்கிறது. நமக்கு அது பெரிய உதவி. 20-ஆவது வளைவில், 40-இல், 60-இல் எல்லோரும் சேரும்வரை நிற்போம், ஏறும்போதும் இறங்கும்போதும். சேர்ந்தபின் கடைசியில் வந்தவர் சைக்கிளை விட்டு இறங்கி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தானாக எழும்வரை யாரும் பெடலில் கால் வைக்கக் கூடாது. ஓய்வு நேரம் கடைசி ஆள் வந்த நிமிடத்திலிருந்துதான் தொடங்குகிறது. முன்னால் போகிறவருக்குக் குளிரும். ஒரு காற்றுத் தடுப்புச் சட்டையை மடித்துப் பின்பையில் வைத்துக்கொள்ளட்டும்.

இறங்கும்போது பயப்படுகிறவர்களை வாலில் விடக் கூடாது, அவர்கள் நடுவில் வர வேண்டும். கடைசியில் காவலாக வருகிறவரை ‘ஸ்வீப்’ என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம், ஆனால் அன்று அந்த வேலையை யாருக்கும் கொடுக்கவில்லை. யார் கடைசியோ அவரே ஸ்வீப் என்று விட்டுவிட்டோம். கடைசியில் வருகிறவர் குழுவிலேயே பலமுள்ளவராக, பஞ்சர் ஒட்டத் தெரிந்தவராக, இரண்டு புது டியூபும் முதலுதவிப் பையும் வைத்திருப்பவராக இருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் நம் ஆள் ஒருவர்கூட இருக்கக் கூடாது. மலை ஏறத் தகுதியான கால் உள்ளவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அந்தக் காலை வைத்துக்கொண்டு பின்னால் வருவதற்கு ஒருவர் வேண்டும்.

பிரேக் கட்டையை இந்த வாரமே மாற்றுங்கள். ஒட்டுப் போட்ட டியூப் முன்சக்கரத்தில் வேண்டாம். வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடப் பழகுங்கள். வளைவுக்குள் போன பின் முன்பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கும். சாலையில் குரங்கு இருக்கும், பேருந்து முழு வளைவையும் அடைத்துக்கொண்டு திரும்பும், கட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம். எதிரே வருகிறவர்கள், நடந்து போகிறவர்கள், தலையில் சுமையோடு நிற்கிறவர்கள் எல்லோரும் அந்த மலைக்குச் சொந்தக்காரர்கள். மணி அடியுங்கள், வேகத்தைக் குறையுங்கள், ஒரு வணக்கம் சொல்லுங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பட்டியலில் 14-ஆவது பெயர் அக்காவுடையது. அவரே எழுதியிருக்கிறார், யாரும் கேட்கவில்லை. நான் போன் செய்து, ‘பயமா இல்லையா?’ என்றேன். ‘இருக்கு. ஆனா கோமுகிக்கு நாம இன்னொரு தடவை போகணும், அந்தம்மாவுக்குத் துண்டு திருப்பித் தரணும். அதுக்கு முன்னாடி இறங்கப் பழகிக்கணும்’ என்றார். துவைத்து மடித்த அந்தத் துண்டு இன்னும் அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

வருகிற ஞாயிறு காலை ஐந்து மணிக்குப் பரங்கிப்பேட்டைப் பக்கம் போக வேண்டாம். கேப்பர் மலை அடிவாரத்தில் சந்திப்போம். சிதம்பரத்து நண்பர்கள் முதல் பேருந்தின் மேல் சைக்கிளைப் போட்டுக்கொண்டாவது வந்துவிடுங்கள். அன்றைக்கு ஏறுவது கணக்கில்லை. மேட்டிலிருந்து கீழே இறங்குவதை மட்டும் முப்பது தடவை பழகப்போகிறோம். ஒவ்வொரு தடவையும் அடியில் நின்று ரிம்மைத் தொட்டுப் பார்ப்போம், தலையை எண்ணுவோம். கொல்லிமலையில் கடைசி ஆள் யார் என்று கேட்டால், என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அக்கா எனக்கு முன்னால் போவார்.

அன்புடன்,
கடலூர் முதுநகரிலிருந்து உங்களில் ஒருவன்